ஒரு தரம், இரண்டு தரம்... ஹலோ!

பாலவாக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். நாலு பக்கக் கடிதம். அதில் இரண்டு பக்கம் அவருடைய பாட்டி வீட்டுக் கூடத்தைப் பற்றியது. அதை அப்படியே போட இங்கே இடமில்லை. விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அந்தக் கூடத்தில் ஒரு தஞ்சாவூர்ப் படம் இருந்ததாம். வெண்ணெய் உருண்டையைக் கையில் வைத்துக் கொண்டு தவழும் கிருஷ்ணன். பாகப் பிரிவினையின்போது, "படத்தை எப்படி ஐயா பங்கு போடுவது?" என்று யாரோ கேட்க, அது விலைக்குப் போய் விட்டது. ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, அதே ஜாடையில், அதே மாதிரி இடது ஓரத்தில் ஒரு கல் உதிர்ந்த படம் மும்பை ஏலக் கம்பெனி ஒன்றின் கேட்லாக்கில் வந்திருக்கிறது. அதுவேதானா, அதன் தம்பியா என்பது அந்தக் கிருஷ்ணனுக்குத்தான் வெளிச்சம்!

சகோதரியிடம் ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. மாதா மாதம் வீட்டுச் செலவில் பிடித்துச் சேர்த்த பணம். மும்பைக்குப் போய் ஏலத்தில் உட்கார உடம்பு இடம் கொடுக்காது. "போகவே வேண்டாம் அம்மா, டெலிபோனிலேயே கேட்கலாம்" என்கிறாள் மருமகள். "அதெப்படி? அங்கே சபை நடுவில் ஏலம் நடக்கும். நான் இங்கே சமையலறையில் நின்று கொண்டு போனில் விலை சொல்வதா? முகம் தெரியாத ஒருவரை நம்பி, சேர்த்ததையெல்லாம் தொலைத்து விட மாட்டேனே?" என்று கேட்கிறார்.

நியாயமான பயம். இப்போது இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளில் எழுகிறது. பழைய வெள்ளிச் சாமான், சித்திரம், வீணை, கடிகாரம் என்று ஏலக் கம்பெனிகளின் கேட்லாக்குகள் செல்போனிலேயே வந்து விழுகின்றன அல்லவா? ஆகவே கொஞ்சம் விஸ்தாரமாகவே பார்ப்போம்.

முதலில் ஒன்று. ஏலம் என்பது பாலவாக்கத்துக்காரர்களுக்குப் புதிய விஷயமே அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டிக் குப்பத்துப் பக்கம் காலை வேளையில் நடந்தால் போதும். படகு கரை சேர்ந்து கூடை மணலில் இறங்கியதும், ஒருவர் விலையைக் கூவ, சுற்றி நிற்கும் மீன்காரப் பெண்களில் ஒருத்தி கண்ணைச் சிமிட்டுவாள். இன்னொருத்தி தலையை ஆட்டுவாள். புதிதாக வந்தவனுக்கு யார் கேட்டார்கள், யாருக்குப் போயிற்று என்றே தெரியாது. கூவுகிறவருக்கு மட்டும் எல்லாம் தெரியும். ஏலத்தின் சூட்சுமம் முழுவதும் அதில் இருக்கிறது. பொருள் எதிரே இருக்கிறது, எதிராளி எதிரே இருக்கிறான், அவன் முகத்தைப் பார்த்தே அவன் மடியில் எவ்வளவு இருக்கிறது என்று ஊகித்து விடலாம். டெலிபோனில் கேட்பவருக்கு இந்த மூன்றுமே கிடையாது. இருப்பது ஒரு குரல்தான்.

ஆனால் டெலிபோன் ஏலக்காரர்களுக்கு நல்லதும் செய்திருக்கிறது. 1997ஆம் வருஷம் ஜனவரி 14ஆம் தேதி, கேரளத்தில் வடகரைக் கரையில் பதினொரு மீனவர்கள் கொண்டு வந்த மத்தியை வாங்க ஆளில்லாமல் கொட்டிவிட வேண்டிய நிலையில் நின்றார்கள். அதே நாள், அங்கிருந்து 15 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருபத்தேழு வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பத் தயாராக இருந்தார்கள்! ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார நிபுணர் இதைக் கணக்கெடுத்து 2007இல் கட்டுரையாக வெளியிட்டார். செல்போன் வந்த பிறகு மீனவர்கள் நடுக்கடலில் இருந்தே கரைக்குப் பேசி, எந்த ஊர் ஏலத்தில் நல்ல விலை என்று கேட்டுக் கொண்டு அங்கே படகைத் திருப்பினார்கள். கொட்டுவது நின்று போயிற்று. அவர்களுடைய லாபம் சுமார் எட்டு சதவிகிதம் கூடியது. வாங்கித் தின்றவர்களுக்கும் விலை நாலு சதவிகிதம் குறைந்தது. இரண்டு பேருக்கும் லாபம் என்பது வியாபாரத்தில் அபூர்வம்.

அது விலை விசாரிக்கப் போன் செய்வது. விலை கேட்கவே போன் செய்வது வேறு கதை. அதற்கு வருகிறேன்.

நடுவில் ஒரு சின்ன விஷயம். 'ஏலம்' என்ற சொல்லே கப்பலில் வந்தது. ஏலக்காய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போர்த்துகீசியரின் 'லெய்லாவ்' நம் வாயில் ஏலமாகி விட்டது. சென்னையில் ஏலம் என்றால் பழைய தலைமுறைக்கு நினைவு வருவது மர்ரே கம்பெனி. பெயரைக் கேட்டால் தொப்பி வைத்த துரை என்று தோன்றும். ஆனால் அதை நடத்திய எஸ். ராஜம் செய்த காரியம் என்ன தெரியுமா? 1950களில், சங்க இலக்கியத்தையும் கம்பனையும் சந்தி பிரித்து, சாமானியர் படிக்கும்படி, வையாபுரிப் பிள்ளை போன்ற அறிஞர்களைக் கொண்டு பதிப்பித்து மலிவு விலையில் கொடுத்தார். 'மர்ரே பதிப்பு' என்று இன்றும் பழைய புத்தகக் கடைகளில் அதற்குத் தனி மரியாதை உண்டு. ஏலத்தில் சம்பாதித்தவர் தமிழை ஏலம் போடாமல் எல்லோருக்கும் கொடுத்தார்!

சரி, டெலிபோனுக்கு வருவோம்.

நீங்கள் ஏல தினத்தன்று திடீரென்று கம்பெனிக்குப் போன் செய்து, "கிருஷ்ணன் படத்துக்கு எண்பதாயிரம்!" என்று சொல்ல முடியாது. குறைந்தது ஒரு நாள் முன்னதாகப் பதிவு செய்து கொள்ள வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் 24 மணி நேரம் என்று கெடு வைத்திருக்கின்றன. பெயர், விலாசம், அடையாள அத்தாட்சி, பாங்கு விவரம் எல்லாம் கேட்பார்கள். சில இடங்களில் முன்பணமும் உண்டு. எந்தப் பொருளுக்குக் கேட்கப் போகிறீர்கள் என்று அதன் எண்ணைக் குறிப்பிட வேண்டும். அந்த எண்ணுக்கு 'லாட்' என்று பெயர். விலை குறைந்த சாமான்களுக்கு டெலிபோன் வசதி தருவதில்லை என்றும் சில கம்பெனிகளில் விதி உண்டு. ஒரு ஆளை உங்களுக்கென்று உட்கார வைக்க வேண்டுமே, அவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டுமே!

அந்த ஆள்தான் முக்கியம். ஏல மண்டபத்தில் ஓர் ஓரமாக நீள மேஜை போட்டு, கம்பெனிச் சிப்பந்திகள் வரிசையாகப் போனைக் காதில் வைத்துக் கொண்டு நிற்பார்கள். ஒவ்வொருவர் காதிலும் ஒரு வாடிக்கைக்காரர். உங்களுடைய லாட் வருவதற்குச் சில எண்கள் முன்னதாக அவர்களே உங்களை அழைப்பார்கள். "வணக்கம் அம்மா, இப்போது 236 நடக்கிறது. இன்னும் நாலு எண் கழித்து உங்களுடையது. லைனிலேயே இருங்கள்" என்பார். உங்கள் எண் வந்ததும், சபையில் ஓடுகிற விலையை அவர் உங்கள் காதில் சொல்லிக் கொண்டே வருவார். "அறுபது... அறுபத்தைந்து... எழுபது. கேட்கலாமா?" நீங்கள் "கேளுங்கள்" என்றால் உங்களுக்காக மட்டையைத் தூக்குவார். "வேண்டாம்" என்றால் கை கீழேயே இருக்கும். அவ்வளவுதான்.

ஏலச்சீட்டு கட்டுகிற சகோதரிகளுக்கு இது விசித்திரமாகவே இராது. "எனக்கு வர முடியவில்லை மாமி, இந்த மாதம் எனக்காக நீங்களே கேட்டு விடுங்கள்" என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைப்பதில்லையா? அங்கே யார் அதிகம் தள்ளுகிறாரோ அவருக்குச் சீட்டு. இங்கே யார் அதிகம் கொடுக்கிறாரோ அவருக்குப் பொருள். திசை வேறு, பிறர் வாயால் கேட்பது ஒன்றே. சீட்டு நிதிச் சட்டத்தில் 2019ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு, ஏலத்துக்கு வர வேண்டிய சந்தாதாரர்கள் வீடியோ மூலமாகக் கலந்து கொள்ளவே அனுமதி வந்து விட்டது. ஆகவே தூரத்தில் இருந்து ஏலம் கேட்பது பணக்காரர் விவகாரம் என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் மாமியிடம் சொல்லும்போது என்ன சொல்கிறீர்கள்? "இவ்வளவுக்கு மேல் தள்ளாதீர்கள்" என்று ஒரு தொகையைச் சொல்லி வைக்கிறீர்கள். அதை மறந்து விடாதீர்கள். அங்கேதான் இருக்கிறது எல்லாம்.

டெலிபோனில் பேச்சு எப்படி இருக்க வேண்டும்? கல்யாண வீட்டுப் பேச்சு உதவாது. "பாருங்கள், எனக்கு ஆசைதான், ஆனால் இவர் என்ன சொல்வாரோ..." என்று ஆரம்பித்தால் அதற்குள் சுத்தியல் விழுந்து விடும். ஏலம் விடுகிறவர் மணிக்கு அறுபது முதல் நூறு லாட்டுகள் வரை தள்ளிக் கொண்டு போவார். உங்கள் பொருளுக்குக் கிடைப்பது ஒரு நிமிஷம் என்று வைத்துக் கொள்ளுங்கள். "கேளுங்கள்", "வேண்டாம்" என்ற இரண்டு வார்த்தைகள் போதும். பதில் வராவிட்டால் வேண்டாம் என்றே அர்த்தம். தமிழில் பேசுகிற சிப்பந்தி வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ 'அறுபதா, எழுபதா' என்று அந்த அவசரத்தில் தடுமாறினால் ஒரு தடுமாற்றத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் விலை.

"உங்களிடம் இருக்கிறது" என்று சிப்பந்தி சொன்னால், கடைசியாகக் கேட்டது நீங்கள்தான் என்று பொருள். அப்போது மறுபடியும் "கேளுங்கள்" என்று சொல்லி உங்களையே நீங்கள் மிஞ்சிக் கொள்ள வேண்டாம். "உங்களுக்கு எதிராக இருக்கிறது" என்றால் வேறொருவர் முந்தி விட்டார். இந்த இரண்டும் புரிந்தால் பாதி ஏலம் புரிந்த மாதிரி.

இன்னொன்று. ஏலத்தை இணையத்தில் நேரடியாகக் காட்டுகிறார்கள் என்று பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் திறந்து வைப்பார்கள். அந்தப் படம் சில விநாடிகள் பின்தங்கித்தான் வரும். காதில் எண்பத்தைந்து ஓடும்போது திரையில் எழுபத்தைந்து என்று ஒருவர் கூவிக் கொண்டிருப்பார். பார்த்தீர்களோ, குழப்பம்தான். ஏலம் முடியும் வரை அதை மூடி வைக்கச் சொல்லுங்கள். டி.வி.யையும்தான்.

லைன் அறுந்து போனால்? போகத்தான் போகும். கடற்காற்றுக்கும் செல்போனுக்கும் என்ன பகையோ, அவசரத்துக்குத்தான் "ஹலோ, ஹலோ" என்று மொட்டை மாடிக்கு ஓட வைக்கிறது. இதற்குக் கம்பெனிகளே ஒரு வழி வைத்திருக்கின்றன. பதிவுத் தாளில், 'தொடர்பு கிடைக்காவிட்டால் என் சார்பில் இந்தத் தொகை வரை கேட்கலாம்' என்று எழுதிக் கொடுக்க ஓர் இடம் இருக்கும். அதை நிரப்புங்கள். நிரப்பாவிட்டால், லைன் கிடைக்காததற்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் படித்துப் பிரயோஜனமில்லை. இரண்டாவது நம்பராக வீட்டில் வேறொருவர் நம்பரையும் கொடுத்து வையுங்கள்.

இனி காசுக் கணக்கு. சகோதரியின் பயத்துக்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. முகம் தெரியாத சிப்பந்தியிடம் அல்ல.

சுத்தியல் விழுகிற விலை நீங்கள் கொடுக்கிற விலை அல்ல. அதன் மேல் கம்பெனிக்கு வாங்குபவர் கமிஷன் உண்டு. இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இருபது சதவிகிதம் சர்வ சாதாரணம். அந்தக் கமிஷனுக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. பொருளுக்கு வேறு தனி வரி. ஒரு லட்சம் ரூபாய்க்குப் படம் கிடைத்து விட்டது என்று நீங்கள் சந்தோஷமாகப் பாயசம் வைக்கிறீர்கள். கமிஷன் 20,000. அதன் வரி 3,600. பொருள் வரி ஐந்து சதவிகிதம் என்று வைத்துக் கொண்டால் 5,000. ஆக 1,28,600 ரூபாய். இதற்கு மேல் கண்ணாடி போட்ட படத்தைப் பெட்டியில் அடைத்து, இன்ஷூர் செய்து, மும்பையிலிருந்து பாலவாக்கத்துக்குக் கொண்டு வரும் செலவு.

அப்படியானால் ஒன்றரை லட்சம் உள்ளவர் எவ்வளவு வரை கேட்கலாம்? ஒன்றரை லட்சம் வரை அல்ல! சுத்தியல் விலை 1,20,000 என்றாலே இந்தக் கணக்கில் 1,54,320 ஆகி விடுகிறது. 1,10,000 என்றால் 1,41,460. மிச்சம் எட்டாயிரத்துச் சொச்சம் பெட்டிக்கும் வண்டிக்கும். ஆகவே, சகோதரி, உங்கள் எண் 1,10,000. இதை ஒரு தாளில் பெரிதாக எழுதி டெலிபோனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். காலண்டர் பின்பக்கத் தாள் போதும். கமிஷன் விகிதத்தை மட்டும் உங்கள் கேட்லாக்கில் பார்த்துச் சரி செய்து கொள்ளுங்கள். வரி விகிதமும் அவ்வப்போது மாறுகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஏல விலை இஷ்டம் போல ஏறாது, படிப்படியாக ஏறும். லட்சத்தைத் தாண்டினால் பத்தாயிரம் பத்தாயிரமாக என்று வைத்துக் கொள்ளுங்கள். லட்சத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். எதிராளி 1,10,000 என்று விட்டார். உங்கள் எல்லை எதுவோ அதில் அவர் நிற்கிறார்! அடுத்த படி 1,20,000. உங்களிடமும் அதே 1,10,000 இருந்தும், முறை மாறிப் போனதால் பொருள் போய் விடும். ஏலத்தில் பழகியவர்கள் இதற்காகவே, "என் எல்லை இது, முறை தவறி விழுந்தால் ஒரே ஒரு படி கூடப் போவேனா, மாட்டேனா?" என்று முன்னாலேயே தீர்மானித்து வைத்துக் கொள்வார்கள். போவேன் என்றால் அந்த ஒரு படிக்கும் பணம் கையில் இருக்க வேண்டும். ஏலம் நடக்கும்போது தீர்மானிப்பது தீர்மானம் அல்ல, ரோஷம். உங்கள் விஷயத்தில் பணம் இல்லை. ஆகவே மாட்டேன் என்றே எழுதிக் கொள்ளுங்கள்.

ஆயிரக் கணக்கான மைலுக்கு அப்பால் இருந்து, எதிராளியைப் பார்க்காமல் ரோஷப்பட்டவர்களும் உண்டு. 2017 நவம்பர் 15ஆம் தேதி நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் கம்பெனியில் லியோனார்டோ டாவின்சியுடையது என்று சொல்லப்பட்ட 'சால்வடோர் முண்டி' என்ற ஏசுநாதர் படம் ஏலத்துக்கு வந்தது. பத்தொன்பது நிமிஷம் ஏலம். கடைசியில் போட்டி டெலிபோன்களுக்குள்தான். 37 கோடி டாலரில் நின்றபோது, ஒரு போனின் மறுமுனை ஒரே தாவலாக 40 கோடி என்றது! மூன்று கோடி டாலர் ஒரு மூச்சில்! கமிஷனோடு சேர்த்து 45 கோடி டாலருக்கு அந்தப் படம் போயிற்று. மறுமுனையில் யார் என்று அன்று சபையில் இருந்தவர்களுக்குத் தெரியாது. சவூதி அரேபிய இளவரசர் ஒருவர் என்று அடுத்த மாதம்தான் பத்திரிகைகள் எழுதின. இதே படம் 1958இல் லண்டன் ஏலத்தில் 45 பவுனுக்குப் போயிருந்தது. அது லியோனார்டோ தன் கையால் தீட்டியதுதானா என்று நிபுணர்கள் இன்னும் சண்டை போட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2020இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கத்து ஏலக் கம்பெனி ஒன்றின் தபால் பெட்டியில் ஒரு சாதாரணக் கவர் பாதி வெளியே தொங்கிக் கொண்டு கிடந்தது. வெள்ளிக்கிழமை போட்டது, திங்கட்கிழமைதான் எடுத்தார்கள். உள்ளே ஒரு மூக்குக் கண்ணாடி. காந்திஜியின் கண்ணாடி! தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்த குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு மகாத்மாவே கொடுத்தது என்பது அந்த வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்த செய்தி. "உதவாவிட்டால் தூக்கிப் போட்டு விடுங்கள்" என்றாராம் சொந்தக்காரர். பதினையாயிரம் பவுன் வரை போகலாம் என்று மதிப்பிட்டார்கள். ஆகஸ்டு 21ஆம் தேதி ஏலத்தில் அமெரிக்கர் ஒருவர் டெலிபோனில் கேட்டு 2,60,000 பவுனுக்கு எடுத்தார். நம் பணத்தில் இரண்டரைக் கோடி. பிடித்துப் பிடித்துச் செலவு செய்த அந்த மனிதர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! எனக்கு ஒன்று மட்டும் தோன்றுகிறது: நம் வீட்டுப் பரணில் இருப்பதையும் ஒரு தரம் தட்டிப் பார்த்து விடுவது நல்லது.

போனில் சொன்ன வார்த்தை சட்டப்படி செல்லுமா என்று இன்னொரு வாசகி முன்பு கேட்டிருந்தார். பேஷாகச் செல்லும். 1965இல் நம் சுப்ரீம் கோர்ட்டுக்கே இது போயிற்று. அகமதாபாத்தில் இருந்த வியாபாரி, காம்காவ் ஊரில் இருந்தவரோடு டெலிபோனில் பேசிப் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வாங்க ஒப்பந்தம் செய்து கொண்டார். சரக்கு வரவில்லை. எந்த ஊரில் வழக்குப் போடுவது? 'சரி' என்று சொன்ன ஊரிலா, அந்தச் 'சரி' காதில் விழுந்த ஊரிலா? காதில் விழுந்த ஊரில்தான் என்று தீர்ப்பாயிற்று. எதிர் எதிரே நின்று பேசியதாகவே அதைக் கொள்ள வேண்டுமாம். நீதிபதிகளில் ஹிதாயதுல்லா மட்டும் ஒப்பவில்லை; நம் ஒப்பந்தச் சட்டம் 1872இல் வந்தது, அப்போது டெலிபோனே கிடையாதே என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. எப்படியானாலும், போனில் சொன்னது காற்றோடு போயிற்று என்று யாரும் தப்பித்துக் கொள்ள முடியாது. ஏலக் கம்பெனிகள் பேச்சைப் பதிவு செய்தும் வைத்துக் கொள்வதுண்டு.

அதே சமயம் சட்டம் வாங்குகிறவரை அடியோடு கைவிட்டு விடவில்லை. 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 64ஆவது பிரிவு முழுக்க ஏலத்தைப் பற்றியது. சுத்தியல் விழுகிற வரை, அதாவது நம் ஊர் வழக்கில் 'மூன்றாம் தரம்' சொல்கிற வரை, விற்பனை முடியவில்லை. அதற்குள் கேட்டவர் பின்வாங்கலாம் என்கிறது அது. இதன் ஆதி 1789இல் லண்டனில் நடந்த ஒரு வழக்கு. சாராயம் வடிக்கும் சாமான் ஒன்றை நாற்பது பவுனுக்குக் கேட்டவர், சுத்தியல் விழுவதற்குள் வேண்டாம் என்று விட்டார். கோர்ட்டு அவர் பக்கம்! ஆனால் இதை நம்பி இறங்காதீர்கள். பல கம்பெனிகள் தங்கள் நிபந்தனைகளில் பின்வாங்கக் கூடாது என்று எழுதி, பதிவுத் தாளில் உங்கள் கையெழுத்தையும் வாங்கி விடுகின்றன. தவிர, "வேண்டாம், வேண்டாம்" என்று நீங்கள் பதறுவது மும்பைச் சிப்பந்தி காதில் விழுந்து, அவர் கையை அசைப்பதற்குள் மூன்றாம் தரம் ஆகியிருக்கும்.

விற்கிறவரே ஆளை வைத்து விலையை ஏற்றி விடுவாரோ என்ற சந்தேகமும் சகோதரிக்கு இருக்கிறது. சபையில் இல்லாதவருக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. அதே 64ஆவது பிரிவு இதற்கும் பதில் வைத்திருக்கிறது. விலையை உயர்த்துவதற்காகப் பொய்யாகக் கேட்டது நிரூபணமானால், வாங்கியவர் அந்த ஏலத்தையே ரத்து செய்து விடலாம். நிரூபிப்பது சுலபமா என்றால், இல்லை. அதனால்தான் காலண்டர் தாளை ஒட்டச் சொன்னேன். எதிராளி நிஜ ஆளோ, வேஷதாரியோ, உங்கள் எண்ணைத் தாண்டி உங்களை இழுக்க முடியாது. ஆனால், இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று உடையவர் ரகசியமாக ஒரு விலை சொல்லி வைப்பது மோசடி அல்ல. அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த விலை எட்டாவிட்டால் படம் விற்காமலே உள்ளே போய்விடும். அப்படிப் போனால் மனம் உடைய வேண்டாம். மறுநாள் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டுப் பாருங்கள். உடையவர் இறங்கி வருவதும் உண்டு.

பணத்தை விடப் பெரிய ஜாக்கிரதை ஒன்று பாக்கி. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளானால் 1972ஆம் வருஷத்துப் புராதனப் பொருள் சட்டத்துக்கு உட்பட்டது. பழைய சிலைகளையும் ஓவியங்களையும் தொல்பொருள் இலாகாவில் பதிவு செய்திருக்க வேண்டும். கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். பேரன் அமெரிக்காவில் இருக்கிறான், அவன் வீட்டில் மாட்டலாம் என்றால் முடியாது. இந்த நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. ஆகவே பதிவுச் சான்று இருக்கிறதா, படம் முன்பு யார் யாரிடம் இருந்தது என்று கம்பெனியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஒரு வியாபாரியிடமிருந்து பல லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. அது கோயிலில் திருடு போனது என்று தெரிந்து 2014இல் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அத்தனை நிபுணர்கள் இருந்த இடத்திலேயே அப்படி!

படத்தின் நிலைமையைப் பற்றி அறிக்கை ஒன்று கேட்டால் கம்பெனி அனுப்பும். தஞ்சாவூர்ப் படத்தில் தங்க ரேக்கு புதிதாக ஒட்டியதா, கற்கள் மாற்றியதா, பின்பலகையில் பூச்சி அரித்திருக்கிறதா, இதையெல்லாம் டெலிபோன் காட்டாது. மும்பையில் மாதுங்கா பக்கம் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் உண்டோ? ஏலத்துக்கு முந்திய நாட்களில் பொருள்களைப் பார்வைக்கு வைப்பார்கள். ஒருவரை அனுப்பி, படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டி வீட்டுப் படமானால், கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே, தாத்தா பென்சிலால் போட்ட பால் கணக்கு, அது இருக்கிறதா என்று முதலில் அங்கே பார்க்கட்டும்.

இருந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். ஆனால் 1,10,000 என்ற எண்ணை அதற்காக மாற்ற வேண்டாம். ஏலம் பகல் பதினொரு மணிக்கு ஆரம்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையது 240ஆவது லாட். மணிக்கு அறுபதிலிருந்து எண்பது ஓடினால், பிற்பகல் இரண்டு மணியிலிருந்து மூன்று மணிக்குள் போன் வரும். போனுக்கு ஒன்றரை மணிக்குள் முழுச் சார்ஜ் ஏற்றி விடுங்கள். சிக்னல் நன்றாக இருக்கும் அறையில் நாற்காலி போட்டு உட்காருங்கள். மருமகளைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள்; அந்த நேரத்தில் குக்கர் மட்டும் வைக்க வேண்டாம்.